லண்டன்–சிட்னி: தரையில் கழிந்த மணிகளின் வரலாறு

தொலைவை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும். இது ஏழாம் வகுப்பு மாணவனும் அறிந்த கணக்கு. லண்டன் மாநகரின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் ஆஸ்திரேலியாவின் சிட்னி விமான நிலையத்துக்கும் இடையே உள்ள நேர்த் தொலைவு சுமார் 17,000 கிலோ மீட்டர். இன்றைய ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோ மீட்டர் வேகத்தில் பறக்கிறது. வகுத்துப் பார்த்தால் விடை ஏறத்தாழ 19 மணி நேரம்.

கணக்கில் பிழை இல்லை. ஆனால் இந்த விடைக்கு அருகில் வந்து சேர விமானங்களுக்கு எழுபது ஆண்டுகள் பிடித்தன. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 1919ஆம் ஆண்டில் பறந்து சேர்ந்த முதல் விமானம் எடுத்துக்கொண்ட காலம் ஏறக்குறைய 28 நாட்கள். அதாவது 668 மணி நேரம். அதில் அவ்விமானம் வானில் இருந்தது 135 மணி நேரமே. எஞ்சிய 533 மணி நேரம் எங்கே போயிற்று? தரையில் போயிற்று!

ஆகவே விமானப் பயண நேரம் குறைந்த வரலாறு, வேகம் கூடிய வரலாறு மட்டும் அன்று. விமானம் ஏன் வழியில் இறங்கவேண்டி இருந்தது, இறங்காமல் செல்ல எப்படிக் கற்றது என்பதன் வரலாறும் ஆகும். வேகத்தைவிட இந்த இரண்டாவது கதையே பெரிது என்பதைக் கீழே காண்போம்.

நூலால் அளக்கும் தொலைவு

முதலில் தொலைவைப் பற்றி ஒரு சொல். ஒரு பூகோள உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் நூலின் ஒரு முனையை வைத்து, மறு முனையைச் சிட்னிக்கு இழுத்து, தொய்வு இல்லாமல் பிடியுங்கள். நூல் கிடக்கும் வழியே இரு நகரங்களுக்கும் இடையேயான மிகக் குறுகிய வழி. இதைப் பெருவட்டப் பாதை என்பர்.

அந்த நூல் எந்த நாடுகளின்மேல் கிடக்கிறது என்று பாருங்கள். பால்டிக் கடல், ரஷ்யா, ஊரல் மலை, சீனாவின் மேற்குப் பகுதி, தென்சீனக் கடல், பிலிப்பைன்ஸின் தென்பகுதி, கிழக்கு இந்தோனேஷியா ஆகியவற்றைக் கடந்து அது ஆஸ்திரேலியாவின் வடகரையைத் தொடும். இந்தியா அந்த வழியில் இல்லை. எகிப்து இல்லை. பாரசீக வளைகுடாவும் இல்லை. ஆனால் பல ஆண்டுகள் லண்டன்–ஆஸ்திரேலியா விமானங்கள் எகிப்து, வளைகுடா, கராச்சி, கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர் வழியாகவே பறந்தன. காரணம் வெளிப்படை. அவ்வழி நெடுகிலும் பிரிட்டிஷ் ஆட்சியோ அதன் செல்வாக்கோ நிலவியது. பெட்ரோல், தந்தி நிலையம், பழுது பார்க்கும் இடம் ஆகியவை அங்கே கிடைத்தன. நேர்வழியைப் பூகோளம் வகுத்தது. செல்லும் வழியைப் பேரரசு வகுத்தது எனலாம்.

இன்னும் ஒன்று. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோ மீட்டர். எனவே உலகில் எந்த இரு விமான நிலையங்களுக்கும் இடையே உள்ள நேர்த் தொலைவு சுமார் 20,000 கிலோ மீட்டருக்கு மேல் இருக்க முடியாது. அந்த எல்லையோடு ஒப்பிட்டால் லண்டன்–சிட்னி 17,000 கிலோ மீட்டர் எத்தகைய பெருந்தொலைவு என்பது விளங்கும்.

பத்தாயிரம் பவுன் பரிசு

முதல் உலகப்போர் முடிந்த சமயம். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் செல்ல ஐந்து அல்லது ஆறு வாரம் ஆகும். 1919ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஆஸ்திரேலிய அரசு ஒரு பரிசை அறிவித்தது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 30 நாட்களுக்குள் பறந்து வரும் முதல் ஆஸ்திரேலியருக்கு 10,000 பவுன். 1920ஆம் ஆண்டு முடிவதற்குள் வந்து சேரவேண்டும்.

ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் சகோதரர்கள், ஷியர்ஸ், பென்னட் என்ற இரு எந்திர வல்லுநர்களுடன் 1919 நவம்பர் 12ஆம் நாள் லண்டனை அடுத்த ஹவுன்ஸ்லோவிலிருந்து புறப்பட்டனர். விமானம் இரட்டை எஞ்சின் கொண்ட விக்கர்ஸ் விமி. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஆல்காக், பிரவுன் இருவரும் அட்லாண்டிக் பெருங்கடலை நிற்காமல் கடந்ததும் இதே வகை விமானத்தில்தான். விமானிகளுக்குக் கூரை இல்லை. கண்ணாடி அடைப்பு இல்லை. ஐரோப்பாவின் குளிர்காலத்தில் திறந்த வெளியில் அமர்ந்தே ஓட்டினர். விமானத்தின் பதிவு எழுத்துகள் ஜி, இ, ஏ, ஓ, யூ. ‘கடவுளே, எங்கள் எல்லோரையும் காப்பாற்று’ என்னும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் இவை என்று அவர்களே வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டனர்.

வேடிக்கைக்குப் பின்னே அச்சம் இருந்தது. அதே போட்டியில் கலந்துகொண்ட ஒரு விமானம், புறப்பட்ட சில நிமிடங்களில் லண்டன் புறநகரில் விழுந்து இருவர் மாண்டனர். மற்றொன்று கிரேக்க நாட்டின் கார்ஃபு தீவருகே கடலில் விழ, அதிலிருந்த இருவரும் இறந்தனர்.

ஸ்மித் சகோதரர்கள் ரோம், கெய்ரோ, டமாஸ்கஸ், பஸ்ரா, கராச்சி, டில்லி, அலகாபாத், கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர் எனத் தாவித் தாவிச் சென்றனர். கல்கத்தாவிலிருந்து மேலெழும்பும்போது பருந்து ஒன்று விமானத்தின் சுழல்விசிறியில் மோதியது. நல்லவேளையாக விசிறி முறியவில்லை. ஜாவாவின் சுரபயாவில் சக்கரங்கள் சேற்றில் புதைந்தன. ஊர் மக்கள் மூங்கில் பாய்களைக் கொண்டுவந்து விரித்தனர். அந்தப் பாய்களே ஓடுதளமாக, விமானம் அதன்மேல் ஓடி வானில் எழுந்தது! டிசம்பர் 10ஆம் நாள் அவர்கள் ஆஸ்திரேலியாவின் வடமுனையில் உள்ள டார்வினில் இறங்கினர். ஆன காலம் 27 நாள் 20 மணி.

அவர்கள் பறந்த தொலைவு சுமார் 17,900 கிலோ மீட்டர். லண்டனுக்கும் டார்வினுக்கும் இடையே நேர்த் தொலைவோ சுமார் 13,850 கிலோ மீட்டர்தான். அதாவது சுற்றுவழியால் மட்டும் 4,000 கிலோ மீட்டர் கூடுதல். வானில் இருந்த 135 மணிக்கு வகுத்தால் வேகம் மணிக்கு 130 கிலோ மீட்டருக்குச் சற்று மேல்.

இங்கே ஒரு கணக்குப் போடுவோம். அதே விமானம் இருமடங்கு வேகத்தில் பறந்திருந்தால் எவ்வளவு மிச்சமாகியிருக்கும்? சுமார் 67 மணி. அதாவது மூன்று நாட்களுக்கும் குறைவு. 28 நாள் 25 நாள் ஆகியிருக்கும், அவ்வளவே. மாறாக, வேகம் அப்படியே இருக்க, தரையில் கழிந்த நேரத்தைப் பாதியாக்கியிருந்தால் 11 நாட்கள் மிச்சமாகியிருக்கும். எங்கே வேலை செய்யவேண்டும் என்பது இதிலிருந்தே தெளிவாகிறது அல்லவா?

இரவைப் பயன்படுத்திய போட்டி

தரையில் நேரம் கழிந்தது எதனால்? பெட்ரோல் நிரப்ப, எஞ்சினைச் சரிபார்க்க, மழை விடக் காத்திருக்க. எல்லாவற்றுக்கும் மேலாக, விடியக் காத்திருக்க. இருட்டில் வழி தெரியாது, இறங்கும் இடமும் தெரியாது. ஆகையால் ஒவ்வோர் இரவும் வீணானது.

அந்த இரவுகளைப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதை 1934ஆம் ஆண்டுப் பந்தயம் உலகுக்குக் காட்டியது. இங்கிலாந்தின் மில்டன்ஹாலிலிருந்து ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் வரை நடந்த மாக்ராபர்ட்சன் விமானப் போட்டி அது. அக்டோபர் 20ஆம் நாள் புறப்பட்ட ஸ்காட், காம்ப்பெல் பிளாக் என்ற இரு விமானிகள், டி ஹாவிலண்ட் காமெட் என்ற பந்தய விமானத்தில் இரவு பகல் பாராமல் பறந்து, சுமார் 18,200 கிலோ மீட்டரை 71 மணி நேரத்தில் கடந்தனர். பாக்தாத், அலகாபாத், சிங்கப்பூர், டார்வின், சார்ல்வில் ஆகிய ஐந்து இடங்களில் இறங்குவது போட்டியின் கட்டாய விதி.

ஆனால் அறிஞர்களை வியக்கவைத்தது முதல் பரிசு அன்று. இரண்டாவதாக வந்த விமானம். அது ஹாலந்து நாட்டு நிறுவனமான கே.எல்.எம்.இன் டக்ளஸ் டி.சி.-2. பந்தயத்துக்கென்று செய்யப்பட்டதல்ல, அன்றாடம் பயணிகளை ஏற்றிச் செல்லும் வகை. தபால் பைகளையும் மூன்று பயணிகளையும் சுமந்துகொண்டு அது 90 மணிக்குச் சற்று மேலான நேரத்தில் வந்தது. கடைசி இரவில் இடிமழையில் வழி தவறி, ஆல்பரி என்ற சிற்றூரின்மேல் வட்டமிட்டது. ஊரின் மின்விளக்குகளை அணைத்து அணைத்து ஏற்றி, ஊர்ப் பெயரை மோர்ஸ் குறியீட்டில் வானுக்கு அறிவித்தனர். மோட்டார் வைத்திருப்போர் எல்லாம் குதிரைப் பந்தயத் திடலுக்கு வருமாறு வானொலி அழைத்தது. வந்த கார்களின் விளக்கு வெளிச்சத்தில் விமானம் இறங்கியது. மறுநாள் காலை ஊர் மக்கள் கயிறு கட்டி அதைச் சேற்றிலிருந்து இழுத்துவிட்டனர்.

மூன்று நாளில் வரலாம். பின் ஏன் பன்னிரண்டு நாள்?

அடுத்த ஆண்டு, 1935 ஏப்ரலில், லண்டனிலிருந்து பிரிஸ்பேனுக்குப் பயணிகள் விமான சேவை தொடங்கியது. இம்பீரியல் ஏர்வேஸ் சிங்கப்பூர் வரையிலும், அதன்பின் குவாண்டாஸ் நிறுவனம் ஆஸ்திரேலியா வரையிலும் ஏற்றிச் சென்றன. ஒரு வழிக் கட்டணம் 195 பவுன். பயணக் காலம் பன்னிரண்டரை நாள்.

பந்தய விமானம் மூன்று நாளில் சென்ற வழிக்குப் பன்னிரண்டரை நாள் ஏன்? பந்தய விமானி தூக்கம் துறக்கலாம். கட்டணம் கொடுத்த பயணி துறப்பாரா? ஒவ்வோர் இரவும் அவரை ஓட்டலில் உறங்க வைத்தனர். வழியில் பல முறை விமானம் மாறவேண்டும். பாரிஸிலிருந்து இத்தாலியின் பிரிண்டிசி வரை பயணிகள் விமானத்தில் செல்லவில்லை, இரயிலில் சென்றார்கள்! இத்தாலிய வான்வெளியில் பறக்கும் உரிமை குறித்த சிக்கலே இதற்கு முக்கியக் காரணம். அதேபோல, பாரசீகக் கரையோரமாகச் சென்ற பழைய வழியை 1932இல் கைவிட்டு, வளைகுடாவின் அரபுக் கரைக்கு மாறவேண்டி வந்ததும் அரசியல் காரணத்தாலேயே. எந்திரம் தயாராக இருந்தாலும் அனுமதி தயாராக இல்லாவிட்டால் விமானம் சுற்றித்தான் போகவேண்டும். இந்தப் பாடம் பின்னரும் வரும்.

1938இல் ‘பறக்கும் படகு’ எனப்படும் பெரிய நீர்விமானங்கள் இவ்வழியில் ஓடத் தொடங்கின. இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து சிட்னியின் ரோஸ் பே வரை ஒன்பதரை நாள். இவற்றுக்கு ஓடுதளம் தேவையில்லை, நீர்ப்பரப்பு போதும். அதனால் ராஜஸ்தானத்தின் ராஜ்சமந்த் ஏரியும், குவாலியர் அருகேயுள்ள ஏரியும், அலகாபாத்தின் யமுனையும், கல்கத்தாவின் ஹூக்ளியும் பன்னாட்டு விமான நிலையங்கள் ஆயின. வழி நெடுக இருபத்தைந்துக்கு மேற்பட்ட நிறுத்தங்கள். ஆயினும் பயணம் மூன்று நாள் குறைந்தது.

கொக்கலையில் இரண்டு சூரியோதயம்

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அறுபடாத சங்கிலியாக இருந்த வழியில் நடுக்கண்ணி அறுந்தது. ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே விமானத் தொடர்பு நின்றது. அதை மீண்டும் இணைக்க ஒரே வழிதான் இருந்தது: இந்துமாக்கடலை இடையில் எங்கும் இறங்காமல் கடப்பது.

1943ஆம் ஆண்டில் இந்த இரகசியப் பயணங்கள் தொடங்கின. ஒரு முனை, மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து ஸ்வான் ஆறு. மறு முனை, இலங்கையில் காலி நகருக்கு அருகேயுள்ள கொக்கலை ஏரி. இடைத் தொலைவு சுமார் 5,650 கிலோ மீட்டர். குவாண்டாஸ் விமானிகள் காட்டலினா வகை நீர்விமானங்களை ஓட்டினர். அவற்றின் வேகம் மணிக்கு 200 கிலோ மீட்டர் அளவே. வகுத்துப் பாருங்கள்: 28 மணி நேரம்!

அவ்வளவு தொலைவுக்குத் தேவையான பெட்ரோல் சுமார் 9,000 லிட்டர். அதை ஏற்றிய பின் எஞ்சிய இடம் எவ்வளவு? மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும் மட்டுமே. வானொலியில் பேசக்கூடாது, பேசினால் எதிரி கேட்பான். ஆகவே விண்மீன்களைப் பார்த்தே திசை அறிந்தனர். அவ்விமானங்களுக்கு வேகா, ரைஜெல், ஸ்பைகா, அன்டாரெஸ், ஆல்டேர் என்று விண்மீன்களின் பெயரையே சூட்டியது எத்தனை பொருத்தம்! எதிரி விமானங்கள் சுற்றும் பகுதியை இருட்டில் கடக்கும்படி புறப்படும் நேரத்தைக் கணித்தனர். ஒரு பயணத்துக்குள் இருமுறை சூரியன் உதிப்பதைக் கண்டதால் இதற்கு ‘இரட்டைச் சூரியோதயம்’ என்று பெயர் வந்தது. பயணம் செய்தவர்களுக்கு அப்பெயர் பொறித்த சான்றிதழும் தரப்பட்டது. மிக நீண்ட பயணம் ஒன்றுக்கு 32 மணி 9 நிமிடம் ஆயிற்று.

1945 வரை 271 முறை இக்கடலைக் கடந்தனர். அறிவியல் நோக்கில் இதன் சிறப்பு என்ன? வேகம் குறைந்த விமானமும், இறங்காமல் பறக்க முடிந்தால், நெடுந்தொலைவைச் சில மணிகளில் இணைக்கும் என்பதை இது நிலைநாட்டியது. அதற்குத் தரவேண்டிய விலையையும் காட்டியது. விமானம் ஏறக்குறைய முழுவதும் எரிபொருள் தொட்டியாகவே மாறிவிடுகிறது.

கங்காரு தாவிய வழி

போர் முடிந்தது. 1947 டிசம்பர் 1ஆம் நாள் குவாண்டாஸின் லாக்ஹீட் கான்ஸ்டெல்லேஷன் விமானம் 29 பயணிகளுடன் சிட்னியிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி ஆகிய ஆறு நிறுத்தங்கள். கங்காருவைப்போல் தாவிச் செல்வதால் ‘கங்காரு வழி’ என்று பெயர். பயணம் நான்கு நாள். அதில் வானில் இருந்தது சுமார் 55 மணி. சிங்கப்பூரிலும் கெய்ரோவிலும் இரவுத் தங்கல். போய்வரக் கட்டணம் 585 பவுன்.

1919இல் மொத்த நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வானில் கழிந்தது. 1947இல் பாதிக்கு மேல் வானில் கழிந்தது. நிறுத்தங்கள் இருபத்தைந்துக்கு மேலிருந்து ஆறாகக் குறைந்ததன் பலன் இது. நான்கு எஞ்சின்கள், காற்றழுத்தம் காக்கும் அறை, நல்ல ஓடுதளங்கள், வானொலி வழிகாட்டிகள் எல்லாம் சேர்ந்து இதைச் சாத்தியமாக்கின.

1959இல் போயிங் 707 ஜெட் விமானங்கள் இவ்வழிக்கு வந்தன. வேகம் ஒரேயடியாக மணிக்கு 900 கிலோ மீட்டரை ஒட்டி உயர்ந்தது. பயணம் ஒன்றரை நாளுக்குள் அடங்கியது. இங்கே வாசகர்கள் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. அன்றிலிருந்து இன்றுவரை பயணிகள் ஜெட் விமானத்தின் வேகம் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது! அதன்பின் குறைந்த மணிகள் எல்லாம் நிறுத்தங்களைக் குறைத்ததால் கிடைத்தவையே.

ஒலியினும் வேகமாகப் பறந்த கான்கார்டு விமானம் இதற்கு நல்ல சான்று. 1985 பிப்ரவரியில் அது லண்டனிலிருந்து சிட்னிக்கு 17 மணி 4 நிமிட அளவில் சென்றது. கான்கார்டின் வேகம் மணிக்கு 2,100 கிலோ மீட்டருக்கும் மேல். நேர்த் தொலைவை வகுத்தால் எட்டு மணி நேரத்தில் சென்றிருக்கவேண்டும். எஞ்சிய ஒன்பது மணி எங்கே? அது ஒரே மூச்சில் சுமார் 7,000 கிலோ மீட்டருக்கு மேல் பறக்க இயலாது. இறங்கி இறங்கி எரிபொருள் நிரப்பவேண்டும். ஒலியைத் தாண்டும்போது எழும் பேரதிர்ச்சி காரணமாக, மக்கள் வாழும் நிலத்தின்மேல் வேகத்தைக் குறைக்கவும் வேண்டும். முயல் ஆமைக் கதையை நினைவூட்டவில்லையா?

நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஆமையின் முறை வந்தது. 1989 ஆகஸ்ட் மாதம் புதிய போயிங் 747-400 விமானம் ஒன்று லண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கும் இறங்காமல் 20 மணி 9 நிமிடத்தில் பறந்தது. கான்கார்டின் வேகத்தில் பாதிக்கும் குறைவான வேகம். ஆனால் மூன்று மணி நேரமே கூடுதல். அதற்காக அடர்த்தி மிகுந்த தனி எரிபொருள் தயாரித்து 180 டன்னுக்கு மேல் நிரப்பினர். தரையில் ஊர்வதற்குக்கூட எரிபொருள் வீணாகாமல், இழுவண்டியால் விமானத்தை ஓடுதள முனைவரை இழுத்துச் சென்றனர். ஏறியோர் மொத்தம் 23 பேர். கட்டணப் பயணி ஒருவரும் இல்லை. காட்டலினாவின் அதே பாடம்!

எரிபொருளைச் சுமக்க எரிபொருள்

நெடுந்தொலைவு பறப்பது ஏன் இத்தனை கடினம்? நடைப்பயணம் போகும் ஒருவர் பத்து நாள் உணவைத் தாமே சுமந்தால், அந்தச் சுமைக்காகவே கூடுதலாக உண்ணவேண்டும் அல்லவா? விமானமும் அப்படியே. கடைசி மணி நேரத்துக்குத் தேவையான எரிபொருளை முதல் மணியிலிருந்தே சுமக்கவேண்டும். அதைச் சுமக்க இன்னும் கொஞ்சம் எரிபொருள். அதையும் சுமக்க மேலும் கொஞ்சம். தொலைவு இரட்டித்தால் எரிபொருள் இரட்டிப்புக்கும் மேல் வேண்டும். மிக நீண்ட வழியில், நடுவே ஒருமுறை இறங்கி நிரப்பினால் மொத்தச் செலவு சற்றுக் குறையவும் கூடும். ஆகவே நிறுத்தத்தை நீக்கிப் பெறும் இரண்டு மூன்று மணி நேரம் இலவசமாகக் கிடைப்பதன்று. எரிபொருளும் அதன் புகையும் அதற்கு விலை.

பொறியியலார் இவ்விலையைக் குறைத்தே வந்திருக்கின்றனர். நான்கு எஞ்சின்களின் இடத்தில் சிக்கனமான இரண்டு. உலோகத்தின் இடத்தில் இலேசான கரிம இழைக் கலவை. 2018 மார்ச் மாதத்தில் போயிங் 787-9 விமானம் பெர்த்திலிருந்து லண்டனுக்கு 14,498 கிலோ மீட்டரைச் சுமார் 17 மணியில் கடந்தது. ஆஸ்திரேலியாவையும் ஐரோப்பாவையும் நிற்காமல் இணைத்த முதல் அன்றாட சேவை அது. 2019 நவம்பரில் அதே வகை விமானம் சுமார் ஐம்பது பேருடன் லண்டனிலிருந்து சிட்னிக்கு 19 மணி 19 நிமிடத்தில் வந்தது. இந்தச் சோதனைப் பயணத்தில் எந்திரத்தைவிட மனிதனையே அதிகம் சோதித்தனர். விமானிகளின் மூளை மின்னலைகளைப் பதிந்தனர். பயணிகளின் உறக்கம், உணவு, உடற்பயிற்சி ஆகியவற்றைக் கவனித்தனர். அவர்களும் வழியில் இரண்டு சூரியோதயங்களைக் கண்டனர்!

2022இல் குவாண்டாஸ் இவ்வழிக்காகப் பன்னிரண்டு ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களைக் கேட்டது. அவற்றில் 20,000 லிட்டர் கொள்ளும் கூடுதல் தொட்டி உண்டு. முந்நூறு பேருக்கு மேல் அமரக்கூடிய அவ்விமானத்தில் 238 இருக்கைகளே அமையும் எனவும் அறிவிக்கப்பட்டது. இத்திட்டத்துக்கு இட்ட பெயர் ‘சூரியோதயம்’. கொக்கலை ஏரியில் இறங்கிய காட்டலினாக்களின் நினைவாகவே அப்பெயர்.

ஒரு பார்வையில்

1919 – டார்வின் வரை – 27 நாள் 20 மணி
1934 – மெல்போர்ன் வரை (பந்தய விமானம்) – 71 மணி
1935 – பிரிஸ்பேன் வரை (பயணிகள் சேவை) – 12½ நாள்
1938 – சிட்னி வரை (நீர்விமானம்) – 9½ நாள்
1947 – சிட்னியிலிருந்து லண்டன் – 4 நாள்
1989 – சிட்னி வரை, நிற்காமல் – 20 மணி 9 நிமிடம்
2019 – சிட்னி வரை, நிற்காமல் – 19 மணி 19 நிமிடம்

கடிகாரம் காட்டும் நேரமும் காற்று தரும் நேரமும்

பயண அட்டவணையைப் பார்த்து நேரம் கணக்கிடும் மாணவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. ஜனவரி மாதத்தில் சிட்னிக் கடிகாரம் லண்டன் கடிகாரத்தைவிட 11 மணி முன்னே ஓடுகிறது. லண்டனில் நண்பகல் 12 மணிக்குக் கிளம்பி 20 மணி நேரம் பறந்தால், லண்டனில் மறுநாள் காலை 8 மணி. அப்போது சிட்னியில் மாலை 7 மணி. கடிகாரங்களை மட்டும் பார்ப்பவருக்கு 31 மணி நேரம் ஆனதுபோல் தோன்றும்.

காற்றும் கணக்கில் சேரும். ஏறத்தாழ 10 கிலோ மீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்றோட்டங்கள் உண்டு. ஆகவே லண்டனிலிருந்து கிழக்கே செல்வது எளிது. திரும்பி மேற்கே வருவது கடினம். 2024 ஏப்ரலில் இது நன்கு விளங்கியது. மேற்காசியாவில் பதற்றம் மூண்டதால் ஈரான் வான்வெளியைத் தவிர்த்துப் பறக்க நேர்ந்தது. சுற்றுவழியில் எதிர்க்காற்றை வெல்ல எரிபொருள் போதாமல், பெர்த்–லண்டன் விமானம் அப்போது சிங்கப்பூரில் இறங்கி நிரப்பிச் சென்றது. லண்டனிலிருந்து பெர்த்துக்கு வந்த விமானமோ பின்காற்றின் உதவியால் நிற்காமலே வந்தது!

எண்பது ஆண்டு முயன்று நீக்கிய சிங்கப்பூர் நிறுத்தம் ஒரே நாளில் திரும்பி வந்ததைப் பாருங்கள். 2022இல் ரஷ்ய வான்வெளி பல நாட்டு விமானங்களுக்கு மூடப்பட்டபோது, ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஒன்பதரை மணியிலிருந்து சுமார் 13 மணியாக நீண்டதும் இத்தகையதே. 1935இல் பயணிகளை இரயிலில் ஏற்றிய அதே காரணம் இன்னும் ஓயவில்லை.

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தொலைவு, பூமி உருண்டையாக உள்ளவரை மாறாது. பயண நேரம் அப்படி அன்று. மூங்கில் பாய் கொண்டுவந்த சுரபயா மக்களும், விளக்கேற்றிய ஆல்பரி ஊராரும், விண்மீன் பார்த்து ஓட்டிய விமானிகளும், இலேசான இறக்கை செய்த பொறியியலாரும் சேர்ந்து குறைத்த நேரம் அது. போர் வந்தால் நீளும். வான்வெளி மூடினால் நீளும். அட்டவணையில் ‘19 மணி’ என்று படிக்கும்போது, அதை 17,000 வகுத்தல் 900 என்ற கணக்கின் விடையாக மட்டும் எண்ணவேண்டாம். வழியில் உள்ள நாடுகள் அமைதியாக இருந்தால் மட்டுமே அந்த விடை சரியாக வரும்.